க்ரௌஸின் சி மைனர் சிம்பொனி: நகலா, அசலா? எப்படிக் கேட்பது?

கேள்வி இதுதான். மொஸார்ட்டின் 25, 40 ஆகிய இரண்டு ஜி மைனர் (மைனர் என்பது சோகச் சாயல் கொண்ட சுர வரிசை) சிம்பொனிகளையும் திரும்பத் திரும்பக் கேட்டாயிற்று. அதே காலத்தில், அதே மாதிரி இருண்ட மனநிலையில், அதிகம் பேர் அறியாத சிம்பொனி வேறு ஏதாவது உண்டா? ஜோசப் மார்ட்டின் க்ரௌஸ் என்பவரை 'ஸ்வீடன் நாட்டு மொஸார்ட்' என்கிறார்களே, அவர் உண்மையிலேயே கேட்கத் தகுந்தவரா, இல்லை மொஸார்ட்டின் நிழலா?

கேட்கத் தகுந்தவர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 'ஸ்வீடன் நாட்டு மொஸார்ட்' என்ற பட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கேளுங்கள். அந்தப் பட்டம் அவருக்கு நல்லதைவிடக் கெடுதலையே அதிகம் செய்திருக்கிறது. மொஸார்ட்டைத் தேடிப் போனால் மொஸார்ட் கிடைக்க மாட்டார். உடனே 'ரெண்டாம் தரம்' என்று முடிவுகட்டத் தோன்றும். தேட வேண்டிய ஆள் க்ளுக். மேடை நாடகத்துக்கு ஓபரா எழுதிய க்ளுக். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பட்டம் எப்படி வந்தது என்பது எளிது. மொஸார்ட் 1756 ஜனவரியில் பிறந்தார், க்ரௌஸ் அதே ஆண்டு ஜூன் 20-ஆம் தேதி. மொஸார்ட் 1791 டிசம்பரில் போனார், க்ரௌஸ் 1792 டிசம்பர் 15-ஆம் தேதி. ஒருவருக்கு 35 வயது, மற்றவருக்கு 36. இந்தப் பொருத்தம் போதாதா, பெயர் ஒட்டிக்கொண்டது. இதில் இன்னொரு விஷயம், க்ரௌஸ் பிறப்பால் ஸ்வீடன்காரரே இல்லை. தெற்கு ஜெர்மனியில் மைன் ஆற்றங்கரையில் இருக்கும் மில்டென்பெர்க் என்ற சிற்றூரில் பிறந்து, பக்கத்திலேயே புகென் என்ற ஊரில் வளர்ந்தவர். மான்ஹைமில் பள்ளிப்படிப்பு, இசைப் பயிற்சி. அப்புறம் மைன்ஸ், எர்ஃபுர்ட், கொட்டிங்கன் என்று மூன்று ஊர்களில் சட்டப் படிப்பு. கொட்டிங்கனில் இளம் கவிஞர்களோடு பழக்கம். இசையைப் பற்றிச் சூடாக ஒரு சிறு நூலும் எழுதினார். அங்கே உடன் படித்த ஸ்வீடன் நாட்டு நண்பர் ஒருவர், எங்கள் ராஜா கலைகளை வளர்ப்பவர், வா போகலாம் என்று அழைக்க, 1778-இல் ஸ்டாக்ஹோமுக்குக் கிளம்பிவிட்டார்.

போன இடத்தில் உடனே ஒன்றும் நடக்கவில்லை. ஏறக்குறைய மூன்று வருஷம் கையில் காசில்லாமல் அலைந்தார். எழுதிய ஓபரா ஒன்று நிராகரிக்கப்பட்டது. 1781 ஜூனில் உல்ரிக்ஸ்டால் அரண்மனையில் 'ப்ரொசெர்பின்' என்ற ஓபராவை மூன்றாம் குஸ்தாவ் மன்னர் முன்னால் நிகழ்த்திய பிறகுதான் நிலைமை மாறியது. அரசவையில் துணை இசை இயக்குநர் பதவி வந்தது. அடுத்த ஆண்டே மன்னர் தன் செலவில் அவரை ஐரோப்பா முழுக்கச் சுற்றிப் பார்த்து வர அனுப்பினார். அந்தப் பயணம் ஐந்து வருஷம் நீண்டது. இந்தப் பதிலுக்கு நமக்கு வேண்டியது அதில் ஒரு வருஷம் மட்டும்: 1783, வியன்னா.

அங்கே க்ரௌஸ் தான் சிறு வயதிலிருந்து கொண்டாடிய க்ளுக்கைச் சந்தித்தார். எஸ்டர்ஹாசா அரண்மனைக்குப் போய், அந்தக் காலத்தின் பெரிய இசையமைப்பாளர் ஹேய்டனையும் பார்த்தார். சி மைனர் சிம்பொனி அந்தச் சமயத்தில் பிறந்ததுதான். க்ரௌஸின் படைப்புகளை 1980-களில் வரிசைப்படுத்திய பெர்டில் வான் பூர் கொடுத்த எண்ணில் இது விபி 142. தேடும்போது அந்த எண்ணையும் சேர்த்துத் தேடுங்கள். சி மைனரில் அவருடைய இன்னொரு சிம்பொனியும் இருப்பதால் குழப்பம் வரும்.

நகலா என்ற கேள்விக்குத் தேதியே பதில் சொல்லிவிடுகிறது. மொஸார்ட்டின் 40-ஆம் சிம்பொனி 1788-இல் எழுதப்பட்டது. க்ரௌஸுடையது அதற்கு ஐந்து வருஷம் முந்தியது. அந்தக் காலத்தில் மைனரில் சிம்பொனி எழுதுவதே அபூர்வம் என்பதையும் நினைவில் வையுங்கள். மொஸார்ட்டின் 41 சிம்பொனிகளில் மைனர் இரண்டுதான், நீங்கள் கேட்டுத் தீர்த்த அந்த இரண்டு. நூற்றுக்கு மேல் எழுதிய ஹேய்டனிடமும் ஏறக்குறைய பத்துதான் தேறும். விருந்துக்கும் அரண்மனைக் கச்சேரிக்கும் வாசிக்கப்பட்ட வடிவம் அது. பெரும்பாலும் சந்தோஷமாக இருப்பதுதான் அதன் வேலை.

சரி, இசைக்குள் போவோம்.

இந்தச் சிம்பொனி வெற்றுத் தாளில் தொடங்கியதல்ல. இதற்குச் சற்று முன் க்ரௌஸ் சி ஷார்ப் மைனரில் ஒரு சிம்பொனி எழுதியிருந்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தச் சுருதியில் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வியன்னாவில் அதையே எடுத்துப் பிரித்து, அரைச் சுரம் கீழே இறக்கி, நடுவில் இருந்த மினுவெட் நடனத்தை எடுத்துவிட்டு, மூன்று பகுதிகளாக மறுபடி கட்டினார். காற்று வாத்தியங்களையும் மாற்றி அமைத்தார். இப்போதைய வடிவத்தில் ஓபோ இரண்டு, பஸூன் இரண்டு, கொம்பு நான்கு, அவற்றோடு தந்தி வாத்தியங்கள்.

ஏன் இறக்கினார்? அன்றைய கொம்பைப் பார்த்தால் புரியும். இன்றைக்கு நாம் பார்க்கும் ஃப்ரெஞ்ச் ஹார்னில் இருக்கும் வால்வுகள் அன்று இல்லை. அது சுருட்டி வைத்த ஒரு நீளக் குழாய், அவ்வளவுதான். ஒரு குழாயில் இயற்கையாகப் பிறக்கும் சுரங்கள் மட்டுமே சுத்தமாக வரும். வேறு சுருதி வேண்டுமானால் வேறு நீளமுள்ள வளையத்தை எடுத்துச் செருக வேண்டும். வழக்கமான சுருதிகளுக்கு மட்டுமே வளையங்கள் இருந்தன. 1772-இல் ஹேய்டன் எஃப் ஷார்ப் மைனரில் தன் 'பிரியாவிடை' சிம்பொனியை எழுதியபோது, அதற்கென்றே தனி வளையம் செய்யச் சொல்ல வேண்டியிருந்தது. சி ஷார்ப் மைனரும் அப்படிப்பட்ட தொல்லை பிடித்த சுருதிதான். சி மைனருக்கு வந்துவிட்டால் வழி திறந்துவிடுகிறது.

நான்கு கொம்பு எதற்கு என்பதற்கும் இதே கணக்குதான். சி சுருதிக் கொம்பில் சி வரும், ஜி வரும். சி மைனருக்கு உயிரான ஈ ஃப்ளாட் (ஈ-க்கு அரைச் சுரம் கீழே இருப்பது) நேராக வராது, ஈ-தான் வரும். ஈ ஃப்ளாட் கொம்பில் அந்தச் சுரம் தாராளமாக வரும். ஆகவே இரண்டு ஜோடிகளை வெவ்வேறு சுருதியில் வைத்தால், ஒரு ஜோடிக்கு இல்லாததை மற்றது கொடுக்கும். ஹேய்டன் தன் 39-ஆம் சிம்பொனியிலும், மொஸார்ட் தன் 25-இலும் இதே உத்தியைத்தான் கையாண்டார்கள். அதனால்தான் அந்த 25-இல் உங்களுக்குப் பிடித்த அந்த முரட்டுக் கனம். க்ரௌஸில் அதே கனத்தைக் கேட்பீர்கள், ஆனால் அவர் அதை இன்னும் சிக்கனமாகச் செலவழிக்கிறார். பல இடங்களில் கொம்பு வெடிப்பதில்லை, பின்னால் நிழலாக நிற்கிறது.

முதல் பகுதி லார்கெட்டோ என்ற மெதுவான முன்னுரையோடு தொடங்குகிறது. என்னைக் கேட்டால் சிம்பொனியின் இதயமே இந்த இரண்டு மூன்று நிமிடம்தான். இங்கே நடப்பதைப் புரிந்துகொள்ள, பக்கத்தில் ஒரு கீபோர்டு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஃபோன் செயலியில் இருந்தாலும் போதும்.

சி கட்டையை அழுத்தி அப்படியே பிடியுங்கள். விடாமல் பக்கத்து டி-யையும் அழுத்துங்கள். இரண்டும் உரசும், காதுக்கு உறுத்தும். இப்போது டி-யைப் பிடித்தபடியே, சி-யை மட்டும் விட்டு அதற்குக் கீழே இருக்கும் பி-க்கு இறங்குங்கள். உறுத்தல் கரைந்துவிடும். அந்த நிம்மதியில் நிற்காதீர்கள். டி இன்னும் பிடியில் இருக்கும்போதே மேலே ஈ ஃப்ளாட்டை அழுத்துங்கள். மறுபடி உரசல், இந்த முறை இன்னும் நெருக்கமாக. டி இறங்கி சி-க்கு வந்தால் மறுபடி நிம்மதி. இப்படியே மேலே ஏறிக்கொண்டே போகலாம். ஒரு குரல் பழைய இடத்தை விட மனமில்லாமல் தங்கி நிற்க, மற்றொன்று அதற்குள் நகர்ந்துவிடுகிறது. தங்கியது வேறு வழியில்லாமல் இறங்குகிறது. இறங்கி முடிப்பதற்குள் அடுத்த உரசல்.

க்ரௌஸின் முன்னுரை இந்தச் சங்கிலியில்தான் நெய்யப்பட்டிருக்கிறது. கேட்கும்போது ராகம் எங்கே, மெட்டு எங்கே என்று தேடினால் கைக்கு ஒன்றும் அகப்படாது. சுரங்களை மட்டும் வரிசையாகப் பார்த்தால் சி மைனர் நம் கீரவாணிக்கும் நடபைரவிக்கும் பக்கத்தில் வரும். அந்த ஒப்பீடு காதைத் திறக்க உதவும், ஆனால் அதோடு நின்றுவிடும். இங்கே உணர்ச்சி தனி ஒரு குரலின் கமகத்திலிருந்து வருவதில்லை, இரண்டு குரல்கள் ஒரே நொடியில் ஒத்துப்போகாமல் நிற்பதிலிருந்து வருகிறது. கர்நாடக இசையில் ஊறிய காதோடு கேட்பவர்கள், முதல் வயலினை மட்டும் பின்தொடராமல் அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்று கேட்கப் பழகினால் இந்த இசை சட்டென்று திறந்துகொள்ளும். எனக்கு அப்படித்தான் திறந்தது. முதல் நாலைந்து தடவை கேட்டபோது 'ஏதோ சோகமாக இருக்கிறது' என்பதற்கு மேல் ஒன்றும் பிடிபடவில்லை. ஒருநாள் வியோலாவை, அதாவது வயலினைவிடக் கொஞ்சம் பெரிய, தாழ்ந்த குரலுள்ள தந்தி வாத்தியத்தை, மட்டும் கவனிப்பது என்று உட்கார்ந்தேன். அப்புறம் அந்த முன்னுரையை அன்று இரவு எத்தனை தடவை போட்டேன் என்று எனக்கே தெரியாது.

க்ளுக் இங்கேதான் வருகிறார். 1774-இல் பாரிஸில் அரங்கேறிய அவருடைய 'ஓலிஸில் இஃபிஜெனி' ஓபராவின் தொடக்க இசை இதே மாதிரி ஏறி இறங்கி உரசும் குரல்களோடு, இதே சி மைனரில் ஆரம்பிக்கிறது. கதை கிரேக்கக் கதை. ட்ராய் மீது படையெடுக்கக் கப்பல்கள் தயார், காற்று மட்டும் வீசவில்லை. உன் மகளைப் பலி கொடுத்தால்தான் காற்று வரும் என்று தெய்வம் கேட்கிறது. திரை விலகியதும் தகப்பன் அகமெம்னன் தனியாக நின்று டயானா தெய்வத்திடம் குமுறுகிறான். அவன் பாடத் தொடங்கும் இசை, தொடக்க இசையின் முதல் சில அடிகளேதான். கொடுக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. விட மனமில்லாமல் தங்கி நின்று, வேறு வழியில்லாமல் இறங்கும் அந்தச் சுரத்துக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி இருக்க முடியாது. க்ரௌஸ் அதை அறிந்தேதான் எடுத்தார் என்று நான் நம்புகிறேன். வியன்னாவில் கிழவராக இருந்த க்ளுக்குக்கு அவர் செய்த வணக்கம் அது. மொஸார்ட்டைத் தேடாதீர்கள் என்று சொன்னதற்குக் காரணமும் இதுதான். மொஸார்ட்டின் 40-இல் முதல் நொடியிலேயே ஒரு மெட்டு உங்கள் கையைப் பிடித்துக்கொள்கிறது. க்ரௌஸ் ஒரு மேடையைக் காட்டுகிறார், யார் வரப்போகிறார்கள் என்று சொல்வதில்லை.

முன்னுரை முடிந்து அலெக்ரோ என்ற வேகப் பகுதி வேகமெடுக்கும்போதும் அந்த நாடகத் தன்மை போவதில்லை. தந்திகள் கீழே துடித்துக்கொண்டே இருக்க, அமைதியாகத் தொடங்குவது திடீரென்று முழு ஆர்க்கெஸ்ட்ராவாக எழும்பும், உடனே அடங்கும். இந்தத் திடீர் திருப்பங்கள்தான் க்ரௌஸின் கையெழுத்து. மொஸார்ட் ஒரு எண்ணத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது நீங்கள் இணைப்பைக் கவனிக்கவே மாட்டீர்கள், அவ்வளவு வழவழப்பு. க்ரௌஸ் இணைப்பை மறைப்பதில்லை. வசனத்தின் நடுவில் நடிகர் நிறுத்தி மூச்சு வாங்குவதுபோல விட்டுவிட்டுப் பேசுகிறார். சிலருக்கு அது கரடுமுரடாகத் தோன்றலாம். எனக்கு அதுதான் பிடிக்கிறது.

இரண்டாம் பகுதி ஆண்டாண்டே, அதாவது நிதானமான நடை, ஈ ஃப்ளாட் மேஜரில். மேஜர் என்பது மைனருக்கு எதிரான, வெளிச்சமான சுர வரிசை. இது ஒரு ஆறுதல். அழகாக இருக்கிறது, பாடுகிறது. உண்மையைச் சொல்ல வேண்டுமானால் மூன்றில் இதுதான் அந்தக் காலத்து வழக்கத்துக்கு மிக நெருக்கமானது. முதல் பகுதியின் அழுத்தத்துக்குப் பிறகு அது தேவையும்கூட.

கடைசிப் பகுதி அலெக்ரோ அஸ்ஸாய். இங்கே தந்திகளுக்கு ஓய்வே இல்லை, ஓட்டம்தான். வழக்கமாக மெதுவான பகுதிக்கும் கடைசி வேகப் பகுதிக்கும் நடுவே ஒரு மினுவெட் வந்து கேட்பவர்களைக் கொஞ்சம் எழுந்து நடமாட விடும். க்ரௌஸ் அதை வெட்டி எறிந்துவிட்டதால் ஆண்டாண்டேயின் அமைதியிலிருந்து நேரே இந்தப் புயலுக்குள் விழுகிறோம். பழைய வடிவத்தைக் கேட்டுவிட்டு இதைக் கேட்டால் அந்த வெட்டு எவ்வளவு சரியான வெட்டு என்பது தெரியும். இன்னொன்றும் கவனியுங்கள். மைனரில் தொடங்கினாலும் கடைசியில் மேஜருக்கு வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி முடிப்பது அன்று சகஜம். ஹேய்டன் இதற்கு ஒரு வருஷம் முன் எழுதிய 78-ஆம் சிம்பொனி, அதுவும் சி மைனர்தான், அப்படித்தான் மேஜரில் முடிகிறது. க்ரௌஸ் அந்த வாசலைத் திறக்கவே இல்லை. தொடங்கிய இருட்டிலேயே முடிக்கிறார்.

ஹேய்டன் இதை மறக்கவில்லை. 1797-இல், க்ரௌஸ் இறந்து நாலைந்து வருஷம் கழித்து, வியன்னாவில் இருந்த ஸ்வீடன் தூதரக அதிகாரி சில்வர்ஸ்டோல்பெ அவரைச் சந்தித்தபோது பேச்சு க்ரௌஸைப் பற்றித் திரும்பியது. வியன்னாவில் தனக்காக க்ரௌஸ் எழுதிய சிம்பொனி எத்தனையோ நூற்றாண்டு நிற்கக்கூடியது என்றும், அப்படி எழுதக்கூடியவர்கள் வெகு சிலரே என்றும் ஹேய்டன் சொன்னதைச் சில்வர்ஸ்டோல்பெ எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சிம்பொனி இதுதான் என்பது பொதுவான கருத்து. சில்வர்ஸ்டோல்பெ அதோடு விடவில்லை. க்ரௌஸின் தாள்களைத் தேடித் தேடிச் சேர்த்தார், 1833-இல் அவருடைய முதல் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். இன்று உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் க்ரௌஸின் கையெழுத்துப் பிரதிகள் அத்தனை இருப்பதற்கு அந்த ஒரு மனிதரின் பிடிவாதம் பெரிய காரணம்.

எந்தப் பதிவைக் கேட்பது? இரண்டு சொல்கிறேன். கொன்செர்டோ கோல்ன் குழு காப்ரிச்சியோ என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்கு வாசித்தது அந்தக் காலத்து வாத்தியங்களில் வாசித்தது. கொம்பின் உலோகக் கரகரப்பு, குடல் தந்தியின் உரசல் எல்லாம் அப்படியே கேட்கும். முன்னுரையின் வலி இதில்தான் எனக்குக் கூர்மையாகப் படுகிறது. பேட்டர் சுந்த்க்விஸ்ட் இயக்கத்தில் ஸ்வீடிஷ் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா நாக்ஸோஸுக்காக வாசித்த வரிசை இன்னொன்று. வாத்தியங்கள் இன்றையவை, குரல்கள் தெளிவாகப் பிரிந்து கேட்கும். முதல் தடவைக்கு இது சுலபம். க்ரௌஸின் மற்ற சிம்பொனிகளும் அதே வரிசையில் கிடைக்கும் என்பது கூடுதல் வசதி. மொத்தமே இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான், ஹெட்ஃபோன் போட்டு ஒரே மூச்சில் கேளுங்கள். வண்டி ஓட்டும்போது வேண்டாம், முன்னுரை முழுக்க எஞ்சின் சத்தத்தில் போய்விடும்.

பிடித்திருந்தால் அடுத்து எங்கே போவது என்றும் சொல்லிவிடுகிறேன். 1792 மார்ச் 16-ஆம் தேதி இரவு, ஸ்டாக்ஹோம் ஓபரா மாளிகையில் முகமூடி நடனம் நடந்துகொண்டிருந்தபோது மூன்றாம் குஸ்தாவ் மன்னர் சுடப்பட்டார். இரண்டு வாரம் கிடந்து இறந்தார். க்ரௌஸை வறுமையிலிருந்து எடுத்து ஐரோப்பா முழுக்கச் சுற்ற வைத்தவர் அவர்தான். அவருடைய இறுதிச் சடங்குக்காக க்ரௌஸ் எழுதிய துக்கச் சிம்பொனி, விபி 148, நான் முன்னால் சொன்ன அந்த இன்னொரு சி மைனர். நான்கு பகுதி, நான்குமே மெதுவானவை. நடுவில் ஸ்வீடன் தேவாலயங்களில் அடக்கத்தின்போது பாடும் பழைய பாடல் ஒன்று வருகிறது. அதே ஆண்டு டிசம்பரில் க்ரௌஸையும் காசநோய் கொண்டுபோனது. உறைந்திருந்த ஏரிப் பனியின் மேல், தீவட்டி வெளிச்சத்தில் அவருடைய பெட்டியைச் சுமந்து போய் ஸ்டாக்ஹோமுக்கு வெளியே டிவோலியில் அடக்கம் செய்தார்கள்.

அந்தத் துக்கச் சிம்பொனியைப் போடும்போது சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியே வையுங்கள். முதலில் வருவது துணி போர்த்திய முரசின் சில அடிகள் மட்டும்தான், கூட வேறு வாத்தியமே இல்லை. கடைசியிலும் அதே முரசுதான் திரும்பி வருகிறது.